உசாத்துணை

நூலொன்றைக் கையில் எடுப்போர் முதலில் அட்டையைப் பார்ப்பர். அதன்பின் முன்னுரையைப் புரட்டுவர். பொறுமையுடையோர் உள்ளே சென்று முடிவு வரை படிப்பர். ஆனால், கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் நெருக்கமாக அச்சிடப்பட்டிருக்கும் நூற்பட்டியலை வாசிப்போர் நூற்றுக்கு ஒருவர் இருவரே. அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றியே இன்று வாசக அன்பர்களுடன் சிறிது உரையாட விழைகின்றோம்.

இது கல்லூரிக்குள் மட்டும் பேசவேண்டிய விடயமன்றோ, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து படிப்போருக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் நமது கரையோர ஊர்களிலே, ஆய்வுக்கட்டுரை எழுதும் பிள்ளை இல்லாத தெரு இன்று அரிது. 1995ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தபின், நெசவாளர் வீட்டிலும் மீனவர் வீட்டிலும் விவசாயி வீட்டிலும் பட்டதாரிகள் தோன்றிவிட்டனர். கட்டுரையை ஒப்படைக்கும் நாள் நெருங்க நெருங்க, வீடு முழுவதுமே பிள்ளையுடன் விழித்திருக்கின்றது. எல்லாம் எழுதி முடிந்தபின், "இனி ரெபரன்ஸ் மட்டுந்தான் மிச்சம்" என்று அலுப்போடு சொல்லுவதைப் பெற்றோர் பலர் கேட்டிருப்பர். அந்த மிச்சத்திலேதான் ஒருவருடைய கல்வியின் நேர்மை இருக்கின்றது என்பது நமது எண்ணம்.

ஈழத்துத் தமிழில் இதற்கு வழங்கும் சொல் உசாத்துணை என்பது. உசாவுதல் என்றால் கலந்து கேட்டல். ஐயம் வந்தபோது சென்று கேட்டற்குரிய துணையே உசாத்துணை. இவ்வளவு அன்பான பெயரைச் சூட்டிய பின்பும், இதனை வெறும் புள்ளிகளும் காற்புள்ளிகளும் நிறைந்த தொல்லையென மாணவர் கருதுவது வருந்தத்தக்கது.

இது மேனாட்டார் நமக்குக் கொண்டுவந்த புதுமை என்று நினைப்போரும் உளர். அது பொருந்தாது. தொல்காப்பியர் தம் சூத்திரங்கள் பலவற்றில், இதனை முன்னைப் புலவர் கூறினர் என்று சொல்லிச் செல்கின்றார். பவணந்தி முனிவர் நன்னூலில் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுக்கின்றார். ஒரு நூலின் பாயிரத்திலே ஆசிரியர் பெயரோடு, அந்நூல் எதன் வழியில் வந்தது என்பதும் சொல்லப்படல் வேண்டுமென்பது அவர் விதி. இரவல் வாங்கியதைச் சொல்லாமல் விடுதல் நம் மரபிலே என்றும் பெருமையாக எண்ணப்பட்டதில்லை. "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று பழமொழி பரிகசிப்பதும் அத்தகையோரையே.

சைவக் குடும்பத்திற் பிறந்து முஸ்லிம் ஊர்களின் நடுவே பாடஞ் சொல்லும் நமக்கு, மற்றொரு மரபையும் அருகிருந்து காணும் பேறு வாய்த்தது. நபிகளாரின் மொழிகளைத் தொகுத்தோர், ஒவ்வொரு மொழிக்கும் முன்னே, இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார், அவரிடமிருந்து இன்னார் கேட்டார் என்று அறிவிப்பாளர் வரிசையை முழுமையாக வைக்கின்றனர். இஸ்னாத் என்று அதனை வழங்குவர். அவ்வரிசையில் ஒருவர் நம்பத்தகாதவராயின், அந்த ஹதீஸ் பலவீனமானது என்று ஒதுக்குகின்றனர். சொல்லப்பட்டது எவ்வளவு அழகாயிருந்தாலும், சொன்னவர் யார் என்பது தெளிவாக வேண்டும். மதரசாவில் ஓதி வந்த மாணவர்களுக்கு நூற்பட்டியலின் அவசியத்தை விளக்கும்போது நாம் வேறு உதாரணம் தேடுவதில்லை. ஒரு சொல்லிலேயே அவர்கள் விளங்கிக்கொள்கின்றனர்.

உசாத்துணை என்னும் சிறு பட்டியல் எத்தகைய பெருங்காரியம் செய்யும் என்பதற்கு, நம் ஊருக்கு அண்மையிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், இசையும் நாடகமும் வரும் இடங்களுக்குப் பொருள் காணத் தாம் துணைக்கொண்ட நூல்கள் ஐந்தைப் பெயர் சொல்லிக் குறித்தார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ்நூல் என்பன அவை. நூலின் பெயரோடு நில்லாமல், அவற்றை ஆக்கியோர் பெயர்களையும் தந்தார். பஞ்சமரபை இயற்றியவர் அறிவனார் என்று நாம் அறிவது இவ்வாறே. அச்சும் காகிதமும் இல்லாத காலத்தில், பனையோலையிலே எழுதப்பட்ட உசாத்துணைப் பட்டியல் அது.

காலம் சென்றது. ஐந்து நூல்களும் கண்ணுக்கு மறைந்தன. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்தபோது, தமிழுலகுக்கு மிஞ்சியிருந்தவை அந்நூல்களின் பெயர்களும் உரையாசிரியர் எடுத்தாண்ட சில பகுதிகளுமே. கல்முனைக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள காரைதீவில் 1892ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், அச்சிலப்பதிகாரத்தையும் அதன் உரையையும் அடிப்படையாகக்கொண்டு, வழக்கொழிந்த யாழ்க்கருவிகளின் இலக்கணத்தைப் பல்லாண்டு ஆராய்ந்தார். அதன் பயனாகிய யாழ் நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1947இல் வெளியிட்டது. அவ்வாண்டு யூலை மாதத்திலேயே அடிகள் மறைந்தார்.

பின்னர் நடந்ததுதான் வியப்பு. அடியார்க்குநல்லார் குறித்த ஐந்தனுள் ஒன்றாகிய பஞ்சமரபு, ஏட்டுச்சுவடியிலிருந்து மீட்கப்பெற்று 1973இல் அச்சேறியது. கண்டெடுத்த சுவடி இன்னது என்று அறிஞர் அடையாளங் கண்டு மகிழ்ந்ததற்குக் காரணம், பல நூற்றாண்டுகளுக்கு முன் ஓர் உரையாசிரியர் தாம் படித்த நூலின் பெயரையும் அதனை ஆக்கியவர் பெயரையும் மறைக்காமல் எழுதிவைத்ததே. அவர் சொல்லாது விட்டிருந்தால், அச்சுவடி பெயர் தெரியாப் பழையதொன்றாகவே கிடந்திருக்கும். அடிகள் அதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லையே என்ற ஏக்கம் மட்டும் நமக்கு உண்டு.

இனி இக்கால முறைக்கு வருவோம். ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இடும் வழக்கத்துக்கு முன்னோடியாகச் சொல்லப்படுபவர், ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து விலங்கியல் அறிஞர் எட்வர்ட் மார்க். ஓடில்லா நத்தையொன்றின் கருவளர்ச்சி பற்றி 1881இல் அவர் எழுதிய கட்டுரையிலே அம்முறை காணப்படுகின்றது. 1929இல் அமெரிக்க உளவியலாளர் சிலர், கட்டுரைகளை ஒழுங்குபடுத்த ஏழே பக்கங்களில் விதிகள் வகுத்தனர். அந்த ஏழு பக்கம் வளர்ந்து, 2019இல் வெளியான ஏழாம் பதிப்பிலே நானூறு பக்கங்களைக் கடந்துவிட்டது. ஏ.பி.ஏ. முறை என்று மாணவர் அஞ்சும் முறை இதுவே.

அஞ்சுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பதிவும் நான்கு வினாக்களுக்கு விடை: யார் எழுதினார், எப்போது எழுதினார், எழுதியது என்ன, அது எங்கே கிடைக்கும். யாழ் நூலை எடுத்துக்கொள்வோம். விபுலாநந்தர், சுவாமி என்று தொடங்கி, அடைப்புக்குள் 1947 என்று இட்டு, யாழ் நூல் என்பதைச் சாய்வெழுத்திற் காட்டி, கரந்தைத் தமிழ்ச் சங்கம் என்று முடித்தால் வேலை தீர்ந்தது. பதிப்பகத்தின் ஊரையும் எழுதவேண்டும் என்ற பழைய விதியை ஏழாம் பதிப்பு நீக்கிவிட்டது. முதல் வரி ஓரத்திலே தொடங்க, அடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளே தள்ளி நிற்கும். பெயர்கள் மட்டும் வெளியே துருத்தி நிற்பதால், தேடுகின்றவரின் கண் அவற்றின் வழியே விரைந்து இறங்கும். வாசகரின் நேரத்தைக் காப்பது நூலகத்தின் கடமைகளுள் ஒன்று என 1931ஆம் ஆண்டிலேயே வலியுறுத்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் கருத்துக்கும் இஃது ஒத்ததே.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கின்றது. இவ்விதிகளை வகுத்தோர் குடும்பப்பெயர் உடையோர். நமக்கோ அது இல்லை. கந்தையா மகன் சிவகுமாரன் தன்னைக் க. சிவகுமாரன் என்று எழுதுகின்றான். முன்னே நிற்பது தந்தை பெயர். பின்னே நிற்பது தன் பெயர். கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயரெனக் கொள்ளும் கணினி, அவனைச் சிவகுமாரன் என்றே வரிசைப்படுத்தும். தற்செயலாக அது சரியாகிவிடும். ஆனால் எல்லாப் பெயர்களும் இவ்வாறு தப்புவதில்லை. அப்துல் றஹீம் என்னும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு பெயரன்று, ஒரே பெயர். நிகரற்ற அன்புடையோனின் அடியான் என்பது அதன் பொருள். கணினியோ அப்துல் என்பதை முதலெழுத்தாகச் சுருக்கி, றஹீம் என்பதை மட்டும் முன்னே வைக்கின்றது. அடியானை விலக்கிவிட்டு ஆண்டவனின் பண்புப்பெயரால் ஒரு மனிதனை அழைப்பது போலாகிவிடுகின்றது. மார்க்கம் அறிந்த மாணவர் இதனைக் கண்டு துணுக்குறுவது இயல்பே. இத்தகைய பெயர்களைப் பிரிக்காமல் முழுமையாக வைத்தல் வேண்டும்.

பெரியோரும் இத்தொல்லைக்குத் தப்பவில்லை. தமிழியல் நூல்களுக்கெல்லாம் வழிகாட்டியாக ஆங்கிலத்தில் ஒரு பெருநூற்பட்டியலை 1966இல் வெளியிட்டவர் தனிநாயகம் அடிகள். பிறர் நூல்களை ஒழுங்குபடுத்திய அவரையே, சில பட்டியல்கள் தனி என்பதை வெட்டி, நாயகம் என்பதன்கீழ் வைத்திருக்கின்றன. முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டு பற்றி 1953இல் ஆங்கில நூல் வெளியிட்ட உவைஸ் அவர்களின் பெயரை, ஒலியைக்கொண்டு ஆங்கிலத்தில் ஊகித்து எழுதுவோர் பலவாறு எழுதுவர். அவர் தாமே எழுதிய முறையில் இறுதியிலே ஈ என்னும் ஆங்கில எழுத்து நிற்கும். அதனை விட்டுத் தேடினால் நூலகப் பட்டியலில் அவர் அகப்படமாட்டார். இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம் என்னும் நூலை 1979இல் மூவர் சேர்ந்து தந்தனர்: மௌனகுரு, சித்திரலேகா, கல்முனைக்குடியிற் பிறந்த நுஃமான். சித்திரலேகா தமிழ்ப் பட்டியலிலே தம் பெயரில் நிற்பார்; ஆங்கிலப் பட்டியலிலே கணவர் பெயரின்கீழ் நிற்பார். கட்டுரையினுள்ளே முதலாமவரை மட்டும் சொல்லி மற்றும் பிறர் என்று சுருக்க விதி இடந்தருகின்றது. பட்டியலிலோ மூவரையும் எழுதியே தீரவேண்டும். அந்த விதி நமக்கு மிகவும் உவப்பானது. உள்ளே மறைந்தவர் அங்கே வெளிப்படுகின்றார்.

ஆண்டிலும் சிக்கலுண்டு. பழைய தமிழ் நூல்கள் சிலவற்றில் வருடப்பெயர் மட்டுமே இருக்கும். பிரபவ வருடம் 1867இலும் வந்தது, 1927இலும் வந்தது, 1987இலும் வந்தது. எந்தப் பிரபவ என்று அச்சுக்கூடத்தையும் காகிதத்தையும் பார்த்துத் துணிதல் வேண்டும். அரபுத் தமிழ் நூல்களில் ஹிஜ்ரி ஆண்டு காணப்படும். அது சந்திரனை ஒட்டியதாதலின், ஓராண்டு பெரும்பாலும் ஆங்கில ஆண்டுகள் இரண்டிலே விழும். ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கி 1883இல் முடிந்தது. ஆதலால் நூலில் உள்ளதை உள்ளபடி எழுதி, அருகே இரண்டு ஆண்டையும் குறித்தலே நேர்மை.

அகரவரிசையும் அவ்வாறே. நம் நெடுங்கணக்கில் ழ, ள, ற, ன என்பன இறுதியில் வரும்; ஜ, ஸ, ஹ முதலிய வடவெழுத்துக்கள் அவற்றின் பின்னே நிற்கும். குறியீட்டு எண்ணை மட்டும் நோக்கி அடுக்கும் மென்பொருள் ஜ என்பதைச் சகரத்தின் பக்கத்திலும், றகரத்தை ரகரத்தின் பக்கத்திலும் இட்டுவிடும். ஜெமீல், ஹனிபா, றஹீம் என்று பெயர்கள் நிறைந்த நம் ஊர்ப் பட்டியலில் இது பெருங்குழப்பமாகும். கணினி அடுக்கியதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

இவையெல்லாம் திருத்திவிடக்கூடியவை. திருத்தத்தால் தீராத வினாவொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி நம்மிடம் கேட்டார். கரையோர முஸ்லிம் ஊர்களில் வழங்கும் நாட்டார் கவிகளைத் தொகுத்து ஆராய்ந்தவர் அவர். கவிகளிற் பெரும்பகுதியைச் சொன்னவர் அவருடைய உம்மம்மா. எழுத்தறியாதவர், ஆனால் நூற்றுக்கணக்கான கவிகளை நெஞ்சில் வைத்திருந்தவர். கட்டுரை முடிந்தது. பட்டியல் மூன்று பக்கம் வந்தது. அதனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாணவி, "சேர், கவியெல்லாம் சொன்னது எங்கட உம்மம்மா. கவியைப் பற்றி எழுதின எல்லாருடைய பேரும் இருக்கு. அவங்கட பேர் மட்டும் இல்லையே?" என்றார்.

விதியைக் கேட்டால் விடை எளிது. பிறர் சென்று சரிபார்க்க இயலாத நேர்ப்பேச்சு பட்டியலிற் சேராது. பட்டியல் என்பது தேடி எடுப்பதற்கு வழிகாட்டுவது. பேச்சோ காற்றோடு போய்விட்டது. விதியில் தவறில்லை. ஆயினும், கவியைப் பற்றிப் பேசியோர் பெயர்கள் மூன்று பக்கத்தில் நிற்க, கவியையே தந்தவர் பெயர் எங்குமில்லை என்றால், நன்றி என்பதன் பொருள் என்ன?

நாம் இருவருமாக இருந்து ஒரு வழி கண்டோம். பாடல் தந்தோர் என்று தனியொரு பின்னிணைப்பு அமைத்து, அவரவர் சம்மதத்தைப் பெற்று, பெயர், வயது, ஊர், பாடல் பதிவான நாள் ஆகியவற்றைக் குறித்தோம். ஒலிப்பதிவின் பிரதியொன்றை நூலகத்தில் ஒப்படைத்து, அதற்கு ஓர் எண்ணும் பெற்றோம். நூலகத்தில் வைத்த ஒலிப்பதிவு எவரும் சென்று கேட்கக்கூடியது. ஆகவே விதிப்படியே அது பட்டியலிற் சேரும் தகுதி பெற்றது. உம்மம்மாவின் பெயர், பேராசிரியர் இருவர் பெயர்களுக்கு இடையே, அகரவரிசையில் தனக்குரிய இடத்தில் அமர்ந்தது. அதனைப் பேத்தி வாசித்துக் காட்டியபோது, "என்ட பேரைப் புத்தகத்தில போட்டு என்ன மகள் செய்யப் போறாங்க?" என்று அம்மூதாட்டி சிரித்தாராம். என்ன செய்வார்கள் என்பதைக் காலம் சொல்லும். அறிவனார் பெயரை எழுதியபோது அடியார்க்குநல்லாரும் அதனை அறிந்திருக்கமாட்டார்.

இவ்வளவு அக்கறை வேண்டுமா என்று கேட்போருக்கு நம் நாட்டு வரலாறே விடை கூறும். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து வந்தபோது, இலங்கையிலே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் நமது அம்பாறையே. மனித உயிர்கள் போன துயரின் முன் ஏடுகளைப் பற்றிப் பேசுதல் கூசுகின்றது. ஆயினும் அந்த வீடுகளில் இருந்த கையெழுத்துப் பிரதிகளும், விழா மலர்களும், மௌலூது ஏடுகளும் அந்நீரோடே போயின. இவ்வாறு அழிந்தவற்றுள் ஒரு நூல் உலகில் இருந்தது என்பதற்கே சான்று, வேறொரு நூலின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஒற்றை வரியாக இருக்கலாம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தேடினால், இன்னோர் ஊரின் அலுமாரியில் மற்றொரு பிரதி கிடைக்கவும் கூடும். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து ஏடுகளைத் தேடி எண்ணிமமாக்கி வருகின்றது. அத்தகைய முயற்சிக்கு ஆண்டும் பெயரும் சரியாக உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு கைவிளக்கு.

இதனாலேயே, இல்லாத நூலைப் பட்டியலில் எழுதுவது சிறு குற்றமன்று என்கின்றோம். இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டவுடன் பட்டியல் தந்துவிடுகின்றன. ஆசிரியர் பெயர் நம்பத்தக்கதாயிருக்கும், தலைப்பு பொருத்தமாயிருக்கும், புள்ளியும் காற்புள்ளியும் ஓரிடத்தும் பிசகா. நூல் மட்டும் உலகில் இராது. 2023இல் நியூயோர்க் நகரத்து வழக்கறிஞர் சிலர், இவ்வாறு கருவி புனைந்துதந்த தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டி நீதிமன்றத்தில் அகப்பட்டு, 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பெற்றனர். தண்டப்பணத்தோடு தீர்வதன்று இத்தீங்கு. நாளை ஓர் இளைஞர் அந்தப் பொய் வரியை நம்பி நூலகம் நூலகமாக அலைவார். அழிந்துபோன மெய்நூலுக்கும் பிறவாத பொய்நூலுக்கும் வேறுபாடு தெரியாது போகும். அந்நிலை வந்தால், இழந்தவற்றைத் தேடும் வழியே நமக்கு அடைபட்டுவிடும்.

மாணவர்களுக்கு நாம் கூறுவது மிகச் சிறிது. நூலைத் திறந்த அன்றே, தலைப்புப் பக்கத்தையும் அதன் மறுபுறத்தையும் பார்த்து நான்கு விடைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரவுக்கு ஒத்திவைத்தால் ஆண்டு மறந்துபோகும், நூலும் கைமாறிவிடும். கண்ணாற் காணாத நூலைக் கண்டதாக எழுதாதீர்கள். வேறொருவர் எடுத்துக்காட்டியதிலிருந்து கண்டீர்களாயின், அவ்வாறே சொல்லுங்கள். மென்பொருளைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மனிதரின் பெயரை அம்மனிதர் எழுதியவாறே எழுதுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ பழைய மலரொன்று, பாட்டனார் அச்சிட்ட சிறு பிரசுரமொன்று, கையெழுத்துக் கவி ஏடொன்று கிடக்கலாம். பழங்கடதாசி என்று எறிந்துவிடாமல், ஆய்வுக்கட்டுரை எழுதும் பிள்ளையிடம் எடுத்துக் கொடுங்கள். அதனை எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை குறித்துவைக்கும் ஒரு வரி, அவ்வேடு அழிந்த பின்னும் நின்று பேசும்.